பிரிக்கக் கூடாத கட்டு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் லேட். சிப்காட் ரோடு முழுக்கச் சேறு, ஒரு லாரிக்காரன் என் மேல் வாரி அடித்துவிட்டுப் போனான். நல்லா இருப்பான்.

இன்றும் லைட் டேபிள். ஷீட்டை வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி தெரிந்தால் பாஸ். வெள்ளையாக இருந்தால், உப்பியிருந்தால், ரிஜெக்ட் தொட்டியில். சூப்பர்வைசர் மேடம் சொல்வது: "கண்ணு பாக்கணும், கை தூக்கிப் போடணும். நடுவுல யோசனை எதுக்கு?" இப்போதெல்லாம் கை தானாகவே போடுகிறது.

நண்டு ஓடு, இறால் ஓட்டிலிருந்து எடுத்த மாவில் செய்கிற ஜெல் ஷீட் இது. ஆறாத புண் மேல் ஒட்டுவது. எங்கள் பழவேற்காட்டில் கரையில் கொட்டி நாறுகிற ஓடு, இங்கே தொப்பி, மாஸ்க், கிளவுஸ் போட்டால்தான் தொட முடியும். ஒரு புண்ணின் மேல் இதை ஒட்டி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ஊரிலிருந்து வீட்டுக்காரர் போன். தன் அண்ணன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாராம். கால் புண்ணில் புதிதாக ஏதோ ஒட்டியிருக்கிறார்களாம். "கவர்ல ஒன் கம்பெனி பேருதான்மே போட்டுக்குது. நீயே வந்து ஒட்டுனா மாரி இருக்குது." இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். இந்த மாதக் கடைசிக்குள் புண் மூடுகிற வழியைக் காணோம் என்றால் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும் என்றாராம் டாக்டர்.

கால் கட்டைவிரல் போனால் படகில் நின்று கோல் ஊன்ற முடியாது. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 5, புதன்

மாவு புளித்துவிட்டது. நாஷ்டாவுக்குப் பன். தலைவலி.

ரூமில் கூட இருக்கும் கல்பனா பொதட்டூர்பேட்டைக்காரி, கல்யாணம் ஆகாதவள், வாய் காது வரைக்கும். நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "இன்னாக்கா, யாரையாவது லவ் பண்றியா?" என்றாள். "ஆமாண்டி, எம் புருசனை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்க என்ன இருக்கிறது. கூடவே இருந்தபோது அவர் குறட்டையைத் திட்டினேன். இப்போது அந்தக் குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை.

அவர் காலில் கிளிஞ்சல் கிழித்த சின்னக் காயம். சர்க்கரை இருப்பதால் ஆறவேயில்லை. ஏரியில் இறங்கக் கூடாது என்றார்கள். அப்புறம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஊரிலிருந்து முதல் ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. அவரை இங்கே கூட்டி வரலாம் என்றால் ரூம் மூன்றாவது மாடியில். அந்தக் காலை ஊன்றவே கூடாது. அதனால் அவர் அண்ணன் வீட்டில், நான் இங்கே. நான் இருக்கிற ரூமை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ஏரியில் எங்கள் பாடு. முறை வைத்துத்தான் வலை போட வேண்டும், அவரவர் முறைக்கு அவரவர் இடம். அவருக்குப் பதில் அண்ணன் இறங்க ஊரில் ஒத்துக்கொண்டார்களாம். "யாரு எறங்குனா இன்னா" என்றார். அப்படிப் பேசுகிற ஆளே இல்லை அவர்.

"போனைத் தண்ணிகிட்ட காட்டுயா" என்றேன். காட்டினார். ஏரிச் சத்தத்தை விட அவர் மூச்சுதான் நன்றாகக் கேட்டது. எனக்கு அதுவே போதும்.

ஞாயிறுக்கு: சுகர் மாத்திரை, கைலி, அண்ணிக்கு ரஸ்க். முறுக்கு வேண்டாம், தின்றுவிடுவார்.

நவம்பர் 9, ஞாயிறு

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

அண்ணன் வீட்டில் சாப்பிட்டதும் அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மெலிந்துவிட்டது. கட்டைவிரலுக்கு அடியில் ஷீட். நடுவில் வெள்ளையாக உப்பல். ஓரம் மஞ்சள். லேசாக வாடை.

யோசிக்கவேயில்லை. வெள்ளை, உப்பல், தொட்டி. ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஐயோ, இன்னாமே பண்றே!" என்று காலை உருவினார். ஓரம் காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. ஷீட்டோடு மெல்லிசாகத் தோலும் வந்துவிட்டது. ரத்தம். அண்ணி மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வேணா அண்ணி, வேணா!" என்று கத்திவிட்டேன். சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

புண் கட்டுகிற சிஸ்டர், நான் கவரில் எடுத்துப் போன ஷீட்டைப் பார்த்தார். "சீழுன்னு நெனைச்சிக்கினியா? சீழ் இல்லமா. புண்ணுல ஊறுற தண்ணியை உறிஞ்சிக்கினா இது இப்டித்தான் வெள்ளையா உப்பும். உப்புனா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நாங்களே மருந்துத் தண்ணி ஊத்தி ஊற வச்சுத்தான் எடுப்போம். நீ பிச்சி எடுத்தது புதுத் தோலு."

புதுத் தோல். வந்துகொண்டிருந்திருக்கிறது.

புது ஷீட் ஒட்டும்போது, நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவர் சிஸ்டரிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. வெளியே வந்ததும், "என்னையும் ரிஜெக்ட் பண்ட்டியாமே?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

லைட் டேபிள். ஒவ்வொரு ஷீட்டாக. கை தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்தி இன்னொரு தடவை பார்க்கிறேன்.

மேடத்திடம் கேட்டேன், புண் மேல் ஒட்டின பிறகு ஷீட் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஏன் காட்டவில்லை? "ஒனக்கெதுக்குமா அதெல்லாம்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார்.

அந்த விரல் போனால் என் கையால் போனதுதான்.

நவம்பர் 13, வியாழன்

நல்ல மழை. இன்று பாடு. காலில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு, குடை பிடித்துக் கரையிலேயே இருந்தாராம். இறால் நிறைய விழுந்ததாம். "ஓட்டை வேஸ்ட் பண்ணாம ஒன் கம்பெனிக்கு அனுப்பட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, "தண்ணி கால்கிட்ட வரைக்கும் வந்துச்சுமே. காலை எடுத்துக்கினேன்" என்றார்.

அவர் கூட உட்கார்ந்து இருக்கணும் போல இருந்தது. வேறு எதுவும் வேண்டாம்.

நவம்பர் 16, ஞாயிறு

போனேன். மறுபடி ஷீட் வெள்ளையாக உப்பியிருக்கிறது. போன வாரத்தை விட அதிகம்.

"கை மேல குந்திக்கோமே" என்றார். நிஜமாகவே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அண்ணி சிரித்தார். நான் பார்த்தேன், பார்த்தேன், தொடவில்லை. மத்தியானம் முழுக்க அந்தக் கால் என் மடியில்தான் இருந்தது. அப்படியே தூங்கிவிட்டார். குறட்டை. பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு. வெயில்.

சிஸ்டர் மருந்துத் தண்ணியை ஊற்றி ஊற வைத்தார். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பயமா பாசமா தெரியாது. ஷீட் வழுக்கிக்கொண்டு தானாக வந்தது. அடியில் புண் சின்னதாகியிருக்கிறது. சுற்றிலும் ரோஸ் நிறத்தில் தோல். டாக்டர் குனிந்து பார்த்தார். "வெரல் இருக்கட்டும். கத்தி வேணாம். இதையே ஒட்டிக்கினு வாங்க."

எப்போது ஏரியில் இறங்கலாம் என்று வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்பார், எனக்குத் தெரியும். கேட்கட்டும், கோபப்படக் கூடாது என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன்.

"சார், மாடிப்படி எப்ப ஏறலாம்?" என்று கேட்டார்.

"புண்ணு முழுசா மூடட்டும்யா. எத்தனை மாடி?"

"மூணு சார். இவ ரூமு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "தண்ணி எங்கமே போயிடப் போவுது" என்று வீட்டுக்காரர் என் காதருகில் சொன்னார்.

கல்பனாவிடம் சொன்னேன். "அவுரு வர்ற அன்னிக்கு நான் ஊருக்குப் போய்க்கிறேன்க்கா" என்றாள், கிண்டல் இல்லாமல்.

ரூமில் எனக்கு இருப்பது ஒரு தலையணைதான். நாளைக்கு ஷிப்ட் முடிந்ததும் இன்னொன்று வாங்க வேண்டும்.