நடுவில் விட்ட இடம்

ஒக்டோபர் 12, ஞாயிறு

கலியாணமாகி அக்கா நாளை கனடாவுக்குப் போகிறாள். இன்று நோத்ர்-தாம் தேவாலயத்துக்குப் போவோம் என்றாள்.

சிறுவயதில், ஊரிலிருந்து யார் வந்தாலும், பாரிசில் நாங்கள் இருக்கும் லா சப்பலிலிருந்து அங்கேதான் கூட்டிப்போவோம். இரண்டு கோபுரங்களும் முழுதாக விழும்படி அப்பா படமெடுப்பார். விருந்தாளிகள் நடுவில், நானும் அக்காவும் இரு ஓரங்களில்.

இன்று நாங்கள் இருவர் மட்டும். யாரோ ஒரு பெண் எடுத்துத் தந்த படத்தைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

"நடுவில ஆருக்கடா இடம் விட்டனாங்கள்?"

"உன்ர மாமியாருக்கு."

முதுகில் ஒன்று வைத்தாள். திரும்ப எடுப்போமா என்று கேட்டேன்.

"வேண்டாம். இது இருக்கட்டும்."

அந்த இடைவெளியில் பெரிய கதவும் அதன்மேல் வரிசையாகக் கல் உருவங்களும் தெரிகின்றன. பழைய படங்கள் எல்லாவற்றிலும் விருந்தாளிகள் மறைத்த கதவு.

இப்போது அடுத்த அறையில் அக்கா பயணப்பெட்டியின் ஸிப்பை இழுக்கும் சத்தம் கேட்கிறது. பாதியில் நிறுத்திவிட்டாள்.