கழற்ற ஏலாத கீபோட்

மாசி 11, வியாழன்

லப்டொப்பில் மூன்று எழுத்துகள் செத்துவிட்டன. நாளைக்குக் கொடுக்க வேண்டிய மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது. துறைமுகப் பக்க யன்னலை நான் பூட்டுவதில்லை, உப்புக்காற்று உள்ளே போய்விட்டது.

திருத்துகிற நசீர் நானாவிடம் கொண்டுபோனேன்.

"புதுசுகள்ல கீபோட்டைத் தனியாக் கழட்ட ஏலாது தங்கச்சி. மேல் பாகம் முழுக்க மாத்தோணும்."

"முந்தின மாதிரி ரெண்டு ஸ்குரூவில கழலுறது ஒண்டு வாங்க ஏலாதோ?"

"இப்ப ஆரு அப்பிடிச் செய்யிறாங்க?"

அவருடைய மேசையில் அப்படி ஒன்று இருந்தது. அதன் மூலையில் என் மகள் ஒட்டின வண்ணத்துப்பூச்சிப் படம். பாரம், தடிப்பு என்று போன வருசம் நான்தான் அவருக்கு விற்றேன்.

"இதைத் திருப்பித் தருவீங்களோ நானா?"

"அது மட்டும் கேக்காதீங்க."

தொழுகைக்கு எழும்பினவர், போகமுதல் அதைத் துவாயால் மூடிவிட்டுப் போனார். அதை வைத்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் மூடுவேன். புதுசு வடிவாக இருந்ததால் மூட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் யன்னலைப் பூட்டினேன். புழுக்கம் தாங்காமல் திரும்பத் திறந்துவிட்டேன். செத்த மூன்று எழுத்துகளையும் சேர்த்து லப்டொப்பைத் துவாயால் மூடியிருக்கிறேன்.