சோடாவில் வெந்த கயிறு

ஆரணி
3.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவும் நானும் நலம். மும்பையில் மழை நெருங்கிவிட்டதாமே, மாடிக் கண்ணாடி துடைக்கக் கயிற்றில் தொங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் நாம் இருவரும் கத்திக்கொள்கிறோம், இனிமேல் எழுதிக்கொள்ளுங்கள் என்று உங்கள் தங்கை உத்தரவு.

நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய, உடம்பில் மாட்டும் ஹார்னஸ், கப்பி, கொக்கிகள், ஒரு கயிறு எல்லாம் வந்தன. கிணற்றில் விழுந்தவர்களைத் தூக்கும் எங்கள் குழுவுக்கு ஒரே குஷி. எங்கள் பழைய கயிறு மூட்டை கட்டத்தான் ஆகும் என்று திட்டினீர்களே, அதைக் களம்பூர் லாரிக்காரர் ஒருவருக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் மச்சான், உங்கள் கயிறு என்ன இப்படி விறைப்பு! முடிச்சே இறுகவில்லை. நான் சாயப்பட்டறைக்காரன் ஆயிற்றே, சும்மா விடுவேனா? பட்டு நூலில் பசை எடுப்பதுபோல சோடாவும் சோப்பும் போட்டு அண்டாவில் வேகவைத்தேன். கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மெத்தென்று ஆகிவிட்டது. எங்கள் குழுவில் இருக்கும் அருணகிரி தொட்டுப் பார்த்து, "இப்பதாங்க இது கயிறு" என்றான்.

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
குமரேசன்


மும்பை
10.6.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வேகவைத்தீர்களா! அது பட்டு இல்லை, நைலான். மேலே தெரிவது வெறும் உறை. ஆளைத் தாங்குவது உள்ளே இருக்கிற இழைகள். கொதித்ததில் அவை என்ன ஆயினவோ, யாருக்குத் தெரியும்? அதிகம் இழுபடக் கூடாது, கப்பிக்குச் சரியான பருமன் வேண்டும் என்று ஒரு நாள் லீவு போட்டு, கடை கடையாய் ஏறி எடுத்தேன். அதைக் கெடுக்க உங்களுக்கு ஓர் அண்டா போதுமாக இருந்தது.

உடனே துண்டு துண்டாய் வெட்டுங்கள். முழுதாய்க் கிடந்தால் எவனாவது கட்டிக்கொண்டு இறங்குவான். எங்கள் வேலையில் இரண்டு கயிறு இல்லாமல் எவனும் இறங்கமாட்டான், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். அவ்வளவு ஜாக்கிரதை. நீங்கள் என்னடாவென்றால் சமையல் செய்கிறீர்கள்! என் தங்கை தாலியோடு விளையாடாதீர்கள். ஆடியில் வரும்போது புதுசு கொண்டுவருகிறேன். அதுவரை யாரும் இறங்க வேண்டாம்.

கோபத்தில் எழுதியதைப் பெரிதுபடுத்தாதீர்கள். தீபாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கமலக்கண்ணன்


ஆரணி
22.6.2024

மச்சானுக்கு,

வெட்டிவிட்டேன். தீபாதான் அரிவாளை எடுத்துவந்தாள். வேகவைத்தது என் தப்புதான்.

நேற்று முள்ளிப்பட்டில் மோட்டார் பார்க்கக் கிணற்றில் இறங்கிய சவரிராஜ் தவறி விழுந்துவிட்டார். பைப்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். நாங்கள் ஓடினோம். ஹார்னஸ் மாட்டிக்கொண்டு, கப்பியையும் கட்டிவிட்டு நின்றேன். கயிறு இல்லை. அவர் மனைவி ரோஸி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கயிறு எங்கேண்ணா? உங்ககிட்ட கயிறு கீதுன்னு தானே எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்க!" என்று கத்தினாள். மாட்டுக் கயிற்றையும் சேலைகளையும் முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கினோம். பிடித்தார். பாதி தூக்கும்போது அறுந்தது. விழுந்தவர் மறுபடி பைப்பைப் பிடித்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வந்தபோது பைப்பில் அவர் கை இல்லை.

ஆடிவரை இறங்க வேண்டாம் என்று எழுதினீர்கள். அதைக் கிணற்றுக்கு யார் சொல்வது?

தங்கையைப் பார்க்க வாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். இரண்டு கயிறு இல்லாமல் எவனும் இறங்கமாட்டான் என்று தெரிந்தவர், எனக்கு ஏன் ஒன்றே ஒன்று அனுப்பினீர்கள்?

குமரேசன்