அப்பா அவிழ்த்துவிட்ட காடை

திருவொற்றியூர்
20.2.2003

அன்பு மகள் கார்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். புனேயில் உனக்கு ஒரு குறையும் வராமலிருக்க வடிவுடையம்மனிடம் சொல்லியிருக்கிறேன். குளிருக்கு ஸ்வெட்டரை நீ போடுகிறாயா, இல்லை அலமாரிதான் போட்டுக்கொண்டிருக்கிறதா?

துறைமுகத்தில் கால் முறிந்ததிலிருந்து வாசல் தாண்டாமல் முடங்கிக் கிடந்த உன் அப்பாவுக்கு நீ கேமரா அனுப்பியபோது, வெட்டிச் செலவு என்று திட்டினேன். நீயோ, சின்ன வயதில் சடையங்குப்பத்துப் புல்வெளியில் காட்டினாரே அந்தக் காடை, அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல் என்று எழுதிவிட்டாய். அவ்வளவுதான், தை பிறந்ததிலிருந்து விடிந்தால் தடியை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார், பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு நான். அது லேசில் அகப்படுகிற பறவையா? புல்லோடு புல்லாக நிற்கிறது, மிதிக்கப் போகிற நேரத்தில் விர்ரென்று எழும்பி எங்கோ போய் விழுகிறது. இவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் வெறும் புல்தான். பிலிம் சுருள் முழுக்க அப்படிப் புல்லாகவே எடுத்திருக்கிறார், மாட்டுக்குத்தான் காட்டவேண்டும். ஆனாலும் அலுக்கவேயில்லை, அதற்காகவே அவரை மெச்சவேண்டும் கண்ணு.

போன ஞாயிறு, அங்கே மாடு மேய்க்கும் பட்டம்மாள் எங்கள் மேல் இரக்கப்பட்டு, வலை போட்டு ஒரு காடையைப் பிடித்து, காலைக் கட்டிக் கூடையில் கொண்டுவந்துவிட்டாள். எவ்ளோ நாளு நைனா நொண்டிகினு அலைவ, இந்தா புட்ச்சாந்துட்டேன், போட்டோ எட்த்துக்கோ, அப்பால கொழம்பு வெச்சிக்கோ என்றாள். சுருளில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. எடுங்கள், எடுங்கள் என்று நான் அவசரப்படுத்துகிறேன். அவர் கேமராவை என் கையில் திணித்துவிட்டு, கட்டிப்போட்டதையா என் பொண்ணுக்கு அனுப்புவேன் என்றார். பிடித்த இடத்தைக் கேட்டு அங்கேயே நடந்து போய், அந்தக் காலோடு தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். அது பறக்கவில்லை. கொஞ்சம் ஓடி நின்று மெல்லக் குரல் கொடுத்தது. உடனே கட்டைவிரல் அளவு குஞ்சுகள் புல்லுக்குள்ளிருந்து ஓடிவந்து அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன. இந்தக் காடையில் அப்பன்தான் குஞ்சு வளர்ப்பான் தெரியுமா என்றார் உன் அப்பா. நான் பதற்றத்தில் கேமராவில் எதையோ அமுக்கிவிட்டேன்.

டோல்கேட் போட்டோக் கடையில் கழுவி வாங்கிய அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டாதே, காடையும் விழவில்லை, குஞ்சும் விழவில்லை, உன் அப்பா முகம்தான் விழுந்திருக்கிறது. கால் முறிந்தபிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எடுத்தபோதுகூடத் தெரியவில்லை, கடையில் நின்று படத்தைப் பார்த்துத்தான் அழுதேன்.

நீ நீண்ட ஆயுளோடு நிறைவாய் வாழவேண்டும். பிலிம் சுருள் அனுப்ப மறக்காதே, நாளைக்கும் போகவேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கெங்கம்மா