கவிழ்ந்த வெற்றிக் கொப்பரைகள்

வளம் ஓங்குக, கொற்றம் நீடுக. வெண்கடம்ப நாட்டு மணிமுடி தாங்கி, ஏழு கணவாய்க்கும் காவல் பூண்ட பரிதிகொண்டான், தென்கணவாய்ப் பாசறையில் வெற்றியோடு வீற்றிருக்கும் படைத்தலைவர் சேந்தன் மாறவேளுக்கு விடுக்கும் ஓலை. உமது யானைகளும் குதிரைகளும் நலமாகுக. உமது கோபமும் சற்றே தணிந்து நலமாகுக.

உமது வெற்றிக் கொப்பரைகள் பதினொன்றும் தலைநகரில் கவிழ்க்கப்பட்டன என்று கேட்டு, முதலில் கவிழ்த்த கைகளை மணிக்கட்டோடு வெட்டுக என நீர் எழுதிய ஓலை கிடைத்தது. தோற்ற மன்னரிடம் கவர்ந்த கொப்பரையை வாயிலில் நிறுத்தி நீர் வற்றாமல் காப்பதும், அந்நீரைக் கொட்டினால் வெற்றியே கொட்டிப்போகும் என அஞ்சுவதும் நம் முன்னோர் வழக்கம். கைவெட்டும் அவர் விதித்ததே. ஆயினும் நடந்ததைக் கேட்டபின் தீர்ப்பை நீரே உரைப்பீராக.

ஆடித் திங்களில் உம் மனைவியார் காரிநங்கை காய்ச்சலில் வீழ்ந்தார். கண்ணின் பின்புறம் குத்தியது; எலும்பெல்லாம் முறிந்தாற்போல் நொந்தது. நான்காம் நாள் சூடு இறங்கவே, மனையோர் மகிழ்ந்து, வழக்கப்படி கொப்பரை நீரால் குளிர்நீராட்ட மேளத்தையும் அழைத்துவிட்டனர். மருத்துவச்சி ஆதிரைச்சாத்திக்கு மட்டும் அம்மகிழ்ச்சி ஒட்டவில்லை. நாடி நூலாய் மெலிந்திருந்தது, கைகால் சில்லிட்டிருந்தன, தோலின்கீழ்ச் செம்புள்ளிகள் பரவி, ஈறிலும் மூக்கிலும் குருதி கசிந்தது, வயிறு உப்பியது. சூடு தணியும் நாளே இந்நோய் கழுத்தைப் பிடிக்கும் நாள் என்று சொல்லி, அவள் கதவின் குறுக்கே நின்று மேளக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

வயிறு உப்பியதால் நீரே கொடுக்கலாகாது என்றனர் அரண்மனை வைத்தியர். அவளோ, குருதிக் குழாய்கள் தளர்ந்து நீர் வெளியே கசிந்து வயிற்றில் தேங்குகிறது, எஞ்சிய குருதி தடித்து ஓட்டம் குன்றுகிறது, உறையும் ஆற்றலையும் இழந்துவிட்டது என விளக்கி, உப்பிட்ட கஞ்சித்தெளிவை இரண்டு நாள் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கசிந்த நீர் பின்னர்க் குருதிக்கே திரும்பும், அளவு மிஞ்சினால் மார்பை அடைக்கும் என்பதால் அடிக்கடி நாடி பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நாமும் அஞ்சினோம். மூன்றாம் நாள் காலை, கசிந்த நீர் குருதிக்குத் திரும்பியதன் அடையாளமாக அம்மையார்க்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது என்ற செய்திக்கு முரசறைந்தோம். உலகில் இதற்கு முரசறைந்த நாடு நம் நாடு ஒன்றே எனப் பெருமையோடு எழுதுகிறோம்.

பின்னர்ச் சாத்தி தெருத்தெருவாக விசாரித்தாள். நகரில் இவ்வாறே நோயுற்ற நாற்பத்தொருவரும் கொப்பரைகள் நிற்கும் தெருவினர். வாய்க்காலில் அன்றன்று நீர் மொள்ளும் குயவர் தெருவில் ஒருவரும் இல்லை. கொப்பரை நீரைச் சட்டியில் எடுத்து மெல்லிய துணியால் மூடிவைத்தாள். அதில் நெளிந்த புழுக்கள் சில நாளில், கால்களில் வெள்ளை வரி கொண்ட கொசுக்களாயின. பகலில் கடிக்கும் அவையே நோயுற்றவரின் குருதியிலிருந்து நஞ்சை மற்றவர்க்கு ஏற்றுகின்றன என்று அவையில் துணிந்து உரைத்தாள். பகைவர் ஒருவரும் நுழைய முடியாத நம் கோட்டைக்குள், நம் வெற்றியே கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தது.

கவிழ்க்க நாம் ஆணையிட்டும், முன்னோர் விதிக்கு அஞ்சி வீரர் எவரும் நெருங்கவில்லை. சாத்தி முன்வந்தாள். அவளை விலக்கிவிட்டு, இரு பணிப்பெண்கள் தாங்க நடந்துவந்து, கணவர் வென்ற நகரைக் கொசு ஆள விடேன் என்று கூறி, முதல் கொப்பரையில் கைவைத்தவர் உம் மனைவியாரே. அதன்பின் ஊரே சேர்ந்து தள்ளியது. முடிசூடிய நாளிலும் நாம் அத்தனை பெருமிதம் கொண்டதில்லை.

ஆகவே இனி வெற்றிக் கொப்பரைகள் கவிழ்த்தே நிறுத்தப்படும். கைவெட்டு விதி நீக்கப்பட்டது. பாசறைத் தாழிகளை ஐந்து நாளுக்கொருமுறை கொட்டித் தேய்த்துக் காயவைக்க. காய்ச்சல் தணிந்த வீரனை இரண்டு நாள் கண்ணயராது காக்க. ஆதிரைச்சாத்திக்கு அவையில் நம் அருகே இருக்கை. கடம்பப்பூ முத்திரை ஒற்றிய இவ்வாணை ஏழு கணவாய்க்கும் செல்லும்.

உமக்கு மட்டும் ஓர் ஆணை கூடுதல். நீர் வெட்டச் சொன்ன கைகள் இன்னும் மெலிந்தே உள்ளன, வளையல் நிற்பதில்லை. ஓலை கண்டவுடன் வாளைப் பாசறையில் விட்டுப் புறப்பட்டு வந்து, அவற்றைப் பற்றிக்கொள்க.