புழுவுக்கு வைத்தியம் பார்ப்பதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
தா. எலிசாள்,
பயறு விவசாயி,
கல்லன்பாறை, வித்துரா வழி,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வேளாண்மை அலுவலர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: என் வயலில் செத்துக்கொண்டிருக்கும் புழுக்களைப் பிழைக்க வைக்க, துறையின் குழு வரும் திங்கட்கிழமை மருந்து தெளிக்கவிருப்பதைத் தடுத்து நிறுத்த வேண்டுதல் தொடர்பாக.

ஐயா அவர்களுக்கு,

பயறு வயலின் வரப்பிலிருந்து பணிவான வணக்கம். இம்மனுவை மலையாளத்தில் எழுதித் தருவதாக என் மகள் ஜெஸ்லின் சொன்னாள். எழுதியும் தந்தாள். வாசித்துப் பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்தில் வாசித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

1. நானும் என் கணவர் தாசையனும் போனக்காடு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அங்கே வேலை நின்றுபோன பிறகு கல்லன்பாறையில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்துக் கொடிப்பயறு போட்டு வருகிறோம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பயறை நம்பித்தான். இவ்வருடம் கொடி பந்தலில் ஏறும் முன்பே பச்சைப்புழு ஏறிவிட்டது. இலையைச் சல்லடையாக்கிவிட்டுப் பிஞ்சிலும் வாய் வைத்தது.

2. தங்கள் துறையின் கல்லன்பாறை அலுவலகமான கிருஷி பவனில் உதவியாளராக இருந்த லிபி என்ற பெண், எங்களையெல்லாம் கூட்டி வகுப்பெடுத்து, ஆளுக்கொரு பாக்கெட் வெள்ளைத்தூளும் கொடுத்தார். அது விஷமல்ல, உயிருள்ள பூஞ்சாணம். புழுவின் மேல் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே வளர்ந்து, அதைக் கொன்று, வெள்ளை பூத்து வெளியே வரும். அந்த வெள்ளை அடுத்த புழுவைப் பிடிக்கும். பயறுக்கோ மனிதருக்கோ ஒன்றும் செய்யாது என்றார். பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்தை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் எதுவும் என் சொந்த அறிவல்ல, தங்கள் துறையின் அறிவு என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

3. வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தோம். முதல் சில நாட்கள் புழு சுகமாகத் தின்றது. புழுவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுவிட்டிருக்கிறாய் என்று தாசையன் கேலி செய்தார். பிறகு ஒவ்வொன்றாக இலை நுனிக்கு ஏறி, அசையாமல் ஒட்டிக்கொண்டு, மாவில் புரட்டியது போல வெளுத்துச் செத்தன. நான் சந்தோஷத்தில் வரப்பிலேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். லிபி சொல்லித் தந்தபடி, செத்த புழுக்களைப் பொறுக்கி, அரைத்து, தண்ணீரில் கலக்கி மறுபடி தெளித்தேன். அரைத்தது பழைய மிக்ஸியில். சமையல் மிக்ஸியில் அல்ல. இதை எட்டிப் பார்த்த பக்கத்து வயல் ஆறுமுகசாமி அண்ணன், எலிசாள் புழுவை அரைத்து மந்திரவாதம் செய்கிறாள் என்று கிருஷி பவனுக்குப் போன் செய்துவிட்டார். அவருக்குக் கொடுத்த பாக்கெட் அவர் வீட்டுப் பரணில் பிரிக்காமல் கிடக்கிறது.

4. அப்போது லிபி அங்கே இல்லை. வேலை தெரிந்தவர் என்பதாலோ என்னவோ, அவரை ஏதோ கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து இறங்கியது பயிர்நோய் ஒழிப்புக் குழு. அதன் தலைவர் திரு. ஸ்ரீநிவாஸ் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, வரப்பில் நின்றபடியே ஒரு வெள்ளைப் புழுவைப் படம் எடுத்து, “சேச்சி, இது குமிள் ரோகமாணு, தொடண்ட” என்று என்னைத் தொடவிடாமல் தடுத்தார். குமிள் என்று அவர்கள் சொல்வது பூஞ்சாணத்தைத்தான். ரோகம் என்று அவர் கண்டுபிடித்ததும் முற்றிலும் சரி. ஆனால் ரோகம் வந்திருப்பது புழுவுக்கு ஐயா, பயறுக்கு அல்ல. பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அது வேறு பிரிவின் திட்டமாம். தம் பிரிவுக்கு வந்திருப்பது பூஞ்சாணக்கொல்லி மட்டுந்தானாம். மாத முடிவுக்குள் அதைத் தெளித்துத் தீர்க்க வேண்டுமாம்.

ஆக, துறையின் ஒரு பிரிவு புழுவுக்கு நோய் கொடுத்தது, இன்னொரு பிரிவு மருந்து கொடுக்க வருகிறது. எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி உள்ளே போவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். புழுவுக்கு மட்டும் வைத்தியர் ஜீப்பில் வீடு தேடி வருகிறார். குறை சொல்லவில்லை, கொடுத்து வைத்த புழு என்றுதான் சொல்கிறேன்.

5. போகிற போக்கில் ‘நோய் பாதித்த வயல், உள்ளே நுழையாதீர்’ என்று என் வேலியில் ஒரு பலகையும் கட்டிவிட்டுப் போனார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. முதல் பறிப்பைக் காணிக்கையாக வைத்தேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். எங்கள் சபையில் ஏலம் என்றால் வீம்பு. அழுகல் தேங்காயைக்கூட இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டு ஏற்றிவிடும். உபதேசியார் என் பயறுக்கட்டைத் தூக்கிக் காட்டிக் கூவினார். மறுபடியும் கூவினார். ஒருவரும் விலை கேட்கவில்லை. நான் செயலாளராக இருக்கும் பெண்கள் ஐக்கியத்தின் பெண்களே சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். ஆண்டவருக்கு என்று வைத்ததைத் திருப்பி வீட்டுக்குத் தூக்கி வந்தேன் ஐயா. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். மறுநாளிலிருந்து அந்தப் பயறைத்தான் பொரியல் வைத்துத் தின்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறோம்.

6. இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அந்த மருந்து விழுந்தால் பூஞ்சாணம் செத்துவிடும். ஆறுமுகசாமி அண்ணன் வயலில் புழு கொழுத்துக் கிடக்கிறது. வேலி தாண்டி வர அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அடுத்த பறிப்பில் என் பந்தலில் இலை நரம்பு மட்டும்தான் மிஞ்சும். பயறு போனால் பாட்ட நிலமும் போகும். ஒரு முறை எஸ்டேட்டிலிருந்து பெட்டி சட்டியோடு இறங்கி வந்தவர்கள் நாங்கள். இன்னொரு முறை இறங்கிப் போக எங்களுக்கு இடம் இல்லை.

ஆகவே, திங்கட்கிழமைத் தெளிப்பை உடனே ரத்து செய்யவும், பலகையைக் கட்டியவர்களைக் கொண்டே அவிழ்க்கவும், தங்கள் துறையின் இரு பிரிவுகளும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் மாடிப்படி ஏறி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள ஆவன செய்யவும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியும் குழு வந்தே தீரும் என்றால், நான் காலையிலிருந்து வயல் வாசலில் நிற்பேன். அந்தத் தூளைக் கரைத்தது என் கை. அரைத்தது என் கை. என் சேலையிலும் முடியிலும் அது இருக்கிறது. நோய் என்று அவர்கள் சொல்வது உண்மையானால் இந்த வயலில் முதல் நோயாளி நான்தான். என் மேல் அடித்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

பயறைக் காப்பாற்ற வேறு வழி தெரியாத,

(ஒப்பம்)
தா. எலிசாள்

இடம்: கல்லன்பாறை
நாள்: 12.09.2025