ஒரே நெஞ்சுக்கு இரண்டாவது படம்

வேலை முடித்து எப்போதும் தாமதமாகவே வீடு வந்த என் அப்பாவுக்கு,

ஒரகடத்தில் நீங்கள் எக்ஸ்ரே எடுத்த சின்ன மருத்துவமனைக்கு டிஜிட்டல் இயந்திரம் வந்துவிட்டது. பிலிம் கழுவிய இருட்டறையில் இப்போது குளுக்கோஸ் பெட்டிகள். உங்களோடு வேலை பார்த்த பாபு அண்ணன்தான் படம் எடுக்கிறார்.

பிலிம் கறுத்தாலோ வெளுத்தாலோ நோயாளியை மறுபடி நிற்கவைப்பீர்களே, அது பெரும்பாலும் இல்லை. படம் உடனே திரையில் வருகிறது, கணினியிலேயே சரிசெய்கிறார்கள். எக்ஸ்ரே கதிரும் குறைவாகவே போதுமாம். "ஆனா ஒண்ணு பாப்பா, கதிரை ஏத்திட்டாலும் படம் அழகாத்தான் வரும். எவ்ளோ கதிர் போச்சுன்னு மெஷின் காட்டுற நம்பரை நாமதான் பாத்துக்கினே இருக்கணும்" என்றார் பாபு அண்ணன். பிலிம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்காது. உங்களுக்கு இது பிடித்திருக்குமா?

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அக்காவால். இருங்காட்டுக்கோட்டையில் அவளுடைய கான்ட்ராக்ட் முடிந்து, இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி மாறினால் புதிதாக நெஞ்சுப் படம் எடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேரும் பெண்களை வேனில் ஏற்றிவந்து அந்த மருத்துவமனையில் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன்.

அன்று காலையில்தான், கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு வந்ததை அக்கா என்னிடம் மட்டும் காட்டியிருந்தாள்.

"பாபு அண்ணன்கிட்ட சொல்லிடுக்கா."

"இன்னாடி பயப்படுற? இப்போ பிலிமே கிடையாது. செல்போன்ல போட்டோ புடிக்கிற மாதிரிதான். வாயத் தொறந்தே, வேலை போச்சு."

பிலிம் இல்லையென்றால் கதிரும் இல்லை என்றுதான் அந்த வரிசையே நம்பியது. "எனக்கு ஃபில்டர் போட்டு எடுக்கச் சொல்லு, செவப்பா தெரியணும்" என்று பின்னாலிருந்த ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லவும் என்று சுவரில் எழுதியிருந்தது. அதன் கீழேயே கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் நின்றுகொண்டு, "சீக்கிரம்மா, லேட்டாவுது" என்று விரட்டினார். அவர் எதிரில் யார் சொல்வார்கள்?

அக்காவின் முறை வந்ததும் நானும் உள்ளே நுழைந்து சொல்லிவிட்டேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். பாபு அண்ணன் கதவைச் சாத்தினார்.

"நெஞ்சுப் படத்துல குழந்தைக்குப் போறது ரொம்பக் கம்மிம்மா, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா போன கம்பெனிக்கு எடுத்த படம் இங்கியே கீது. இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

பெயரைத் தட்டியதும் அக்காவின் நெஞ்சு திரையில் வந்தது. டாக்டர் பார்த்து, இதுவே போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

"புது தேதி இல்லியே சார்?" என்றார் சூப்பர்வைசர்.

"அதே பொண்ணு, அதே நெஞ்சு. இந்தச் சீட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

பாபு அண்ணன் சூப்பர்வைசரை வாசலுக்கு அனுப்பிவிட்டு, மற்ற பெண்களை ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். இன்னொருத்தியும் படம் எடுக்காமல் வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தம் வரை அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு, "அப்பா இருந்தப்ப இப்படித் தனியாக் கூப்டு கேப்பாரா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டீர்களா அப்பா?

அக்கா வேலையில் சேர்ந்துவிட்டாள். கம்பெனியில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை நிலைக்குமா என்பதும் தெரியவில்லை. அவள் சொல்லப்போகும் நாளில் கம்பெனி கேட் வரைக்கும் அவளோடு போவேன். எந்தப் பதில் வந்தாலும் அவள் தனியாகத் திரும்பி வர விடமாட்டேன்.

உங்கள் சின்ன மகள்,
பிறக்கப்போகும் உங்கள் பேரக்குழந்தையின் சித்தி.